யிந்த்ரிஷ்காவாகப் பேசியவள்

போன வசந்தத்தில் ப்ராகிலிருந்து இரண்டு இளம் டாக்டர்கள் ஹெர்மினாவைத் தேடிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். எல்.எஸ்.டி. கொடுத்து மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் பழைய வழியை இப்போது மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார்களாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்த நாட்டில் அந்த வேலையைச் செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களை மேடையேற்றிப் பூங்கொத்து கொடுக்கப் போகிறார்களாம். ஹெர்மினா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குக் கால் வலி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். காலில் வலி கிலி ஒன்றும் கிடையாது. அன்று சாயங்காலம்கூடக் குளக்கரை வரை நடந்துவிட்டு வந்தாள்.

எதிர்வீடு என்னுடையது. அதனால் அடுத்தபடி என் கதவைத் தட்டினார்கள். ஹெர்மினா நர்ஸாக இருந்த அதே மனநல விடுதியில் நான் சமையல்காரன். உட்கார வைத்துக் காபி கொடுத்து, சூப்பைப் பற்றியும் ரவைக் கஞ்சியைப் பற்றியும் நிறையச் சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள், பாவம். ஹெர்மினா ஏன் மேடைக்கு வரமாட்டாள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை அவளுக்குத்தான் இருந்தது.

இந்த ஜனவரியில் அவள் போய்விட்டாள். கடைசி வாரங்களில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஒல்தா, எனக்கப்புறம் யாராவது வந்து கேட்டா சொல்லிடு. ஆனா என்னை நல்லவளாக்கிச் சொல்லாதே. ஆள் அதிகமா வந்தா சூப்புல தண்ணி ஊத்துவியே, அந்த மாதிரி இதுல ஊத்திடாதே" என்றாள். ஊத்தவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெர்மினா லாபே நதிக்கரைக்காரி. அப்பா படகில் மணல் ஏற்றுகிறவர். யுத்தம் முடிந்த மாதத்தில், கைதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குக் கஞ்சி கொடுக்கப் போன அம்மா டைபஸ் காய்ச்சல் வாங்கிக்கொண்டு வந்து இறந்துபோனாள். வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பதின்மூன்று வயதுப் பெண் வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். பிறகு நர்ஸ் படிப்பு, ஒரு பெரிய பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நாலைந்து வருடம். அங்கே அவள் கற்றதெல்லாம் கதவைப் பூட்டவும் கையைக் கட்டவும்தான். எங்கள் விடுதி திறந்தபோது முதல் ஆளாக விண்ணப்பம் போட்டாள்.

பீட்ரூட் வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பண்ணை வீடு அது. பூட்டு கிடையாது, கம்பி கிடையாது. அரசாங்கத்துத் தொழிற்சாலையிலேயே அந்த எல்.எஸ்.டி. மருந்து தயாராகி, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வரும். காலையில் நோயாளிக்கு வெறும் டீ, ஒரு ரஸ்க். பிறகு மருந்து. திரை போட்ட அறையில் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டு, கிராமபோனில் இசைத்தட்டு போடுவார்கள். டாக்டர் வருவார், போவார். நர்ஸ் மட்டும் எழுந்திருக்கக் கூடாது. சாயங்காலம் மருந்து இறங்குகிற வரை நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். சிலர் அழுவார்கள், சிலர் பாடுவார்கள், ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தவழ்ந்துகொண்டே என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டார். எல்லாம் முடிந்ததும் நான் ரவைக் கஞ்சி காய்ச்சி, மேலே வெண்ணெயும் கொக்கோவும் போட்டு அனுப்புவேன். சின்ன வயதில் எல்லோரும் சாப்பிட்டதுதானே, வழித்துத் தின்பார்கள்.

அந்த வீட்டுக்கு என்று இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. மருந்தைக் கொடுக்கப் போகிறவர்கள், டாக்டரானாலும் நர்ஸானாலும், முதலில் தாங்களே அதைச் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். சமையல்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இன்னொன்று, பெரிய டாக்டர் ப்ரோகெஷ் ஏற்படுத்தியது: மருந்து வேளையில் நோயாளி உங்களை யார் என்று நினைத்துக் கூப்பிடுகிறாரோ, அந்த வேளைக்கு நீங்கள் அவர்தான். "நான் அவ இல்ல" என்று சொல்லக் கூடாது. அம்மா என்றால் அம்மா. பெண்டாட்டி என்றால் பெண்டாட்டி.

ஹெர்மினா தன் முறைக்கு மருந்து சாப்பிட்ட அன்று, பக்கத்தில் உட்கார்ந்தது லிபுஷே என்ற மூத்த நர்ஸ். ஹெர்மினா ஜன்னலைப் பார்த்து, "அம்மா, உள்ள வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "வாடி கண்ணு, வா" என்று லிபுஷே சொல்லி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாளாம். அன்று சாயங்காலம் ஹெர்மினா என் சமையலறையில் கஞ்சியைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. டாக்டரின் அந்தக் கட்டுப்பாட்டை அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியதற்கு இதுதான் காரணம். தனக்குக் கிடைத்ததை மற்றவர்களுக்கும் கொடுக்கிறோம் என்று நினைத்தாள்.

அறுபத்தாறாம் வருடம் கோடையில் ஹவெல்கா என்கிற ஆள் வந்து சேர்ந்தார். ரயில்வே பட்டறையில் கடைசல் பிடிக்கிறவர், நாற்பது வயது. வலது கை ஆறு வருடமாக முஷ்டியாக மூடிக் கிடந்தது. எலும்பு டாக்டர்கள், நரம்பு டாக்டர்கள் எல்லோரும் பார்த்து, கையில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பட்டறையில் அவரைக் கேட் காவலுக்கு மாற்றியிருந்தார்கள். இடது கையால் சூப்பு குடிப்பார், பாதி சட்டையில்தான் போகும். அதைப் பார்த்துவிட்டு அவருக்கு மட்டும் நான் கெட்டியாகக் காய்ச்சிக் கொடுப்பேன்.

நோயாளிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிற காலைக் கூட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. ஐம்பத்தொன்றாம் வருடத்தில் அவருக்கு யிந்த்ரிஷ்கா என்று ஒருத்தியோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுடைய சித்தப்பா மகன் எல்லை தாண்டி மேற்கே ஓடப் பார்த்தபோது, அவனை அவள் இரண்டு ராத்திரி பரணில் ஒளித்து வைத்தாள். வருங்கால மாப்பிள்ளையிடம் மறைக்கவில்லை. மாப்பிள்ளையைப் போலீஸ் கூப்பிட்டு மிரட்டியது. அவர் சொல்லிவிட்டார், காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அவளுக்குப் பதினோரு வருடம் தண்டனை.

அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று அவரும் சொல்லவில்லை, எங்கள் விடுதியில் யாரும் கேட்கவும் இல்லை. அது கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம், இப்போதுள்ளவர்களுக்குப் புரியாது. மனிதனின் கனவு, கக்கா, மூத்திரம் வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்கிற டாக்டர்கள், அப்படிச் சிறைக்குப் போன ஒருத்தியைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டால் கேட்டவனுக்கு வம்பு. அவள் செத்துப்போயிருப்பாள் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். அது எங்களுக்கும் சௌகரியமாக இருந்தது.

ஆகஸ்டில் ஹவெல்காவுக்கு மருந்து வேளை. ஹெர்மினாதான் கூட இருந்தாள். நண்பகல் வாக்கில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்ப ஆரம்பித்தார்.

"யிந்த்ரிஷ்கா, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"தெரியும்" என்றாள் ஹெர்மினா.

"பரண்ல ஆள் இருக்கான்னு நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"என்னை மன்னிச்சுடு."

ஹெர்மினா ஒரு கணம் தயங்கியிருக்கிறாள். வாசலில் நின்ற டாக்டர் ப்ரோகெஷ் தலையை அசைத்தார். "மன்னிச்சுட்டேன். போனது போகட்டும். அழாதே" என்றாள்.

அப்போதுதான் அந்தக் கை திறந்தது. ஒவ்வொரு விரலாகத் திறந்ததாம். உள்ளங்கை வெளுத்துப்போய், நகம் பதிந்த இடங்களில் புண்ணாகி இருந்தது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஹவெல்கா கண்ணை மூடியபடியே, "நிஜமாவே மன்னிச்சுட்டியா?" என்று இன்னொரு தடவை கேட்டார். "நிஜமாத்தான்" என்று ஹெர்மினா இன்னொரு தடவையும் சொன்னாள். அன்று இரவு என் சமையலறையில் பிளம் சாராயம் ஓடியது. விடுதி திறந்த நாளிலிருந்து அப்படி ஒரு வெற்றி எங்களுக்குக் கிடைத்ததில்லை. செப்டம்பரில் ப்ராகில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் ஹவெல்கா சுண்ணாம்புக் கட்டியால் கரும்பலகையில் தன் பேரை எழுதிக் காட்டினாராம், எல்லோரும் எழுந்து கை தட்டினார்களாம்.

நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களை நான் கழுவிக்கொண்டிருந்தேன். ஹெர்மினா மூலை மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்து வரை பொத்தான் போட்ட பழுப்புக் கோட்டு, தலையில் துணி.

"யிந்த்ரிஷ்கா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"அப்படி யாரும் இங்க இல்லையே" என்றேன்.

"இருக்காங்க. ஆகஸ்ட்ல ஹவெல்காகிட்ட பேசியிருக்காங்க. நான் அவங்களைப் பார்க்கணும்."

"பேரை மாத்திச் சொல்றீங்க போலிருக்கு. நீங்க யாரு?"

"யிந்த்ரிஷ்கா" என்றாள்.

ஹெர்மினாவின் காபி மேஜையில் கொட்டியது. துடைக்கவும் தோன்றாமல் எழுந்து நின்றாள். நான் வந்தவளை உட்காரச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். யாராவது உத்தரவு கொடுக்கிற வரை நிற்கிற பழக்கம் அவளுக்கு எங்கே வந்தது என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"நீங்கதானா?" என்று ஹெர்மினாவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமா."

"நான் என்ன சொன்னேன்?"

"மன்னிச்சுட்டேன்னு" என்றாள் ஹெர்மினா.

"வேற?"

"அழாதேன்னு."

"வேற ஏதாவது சொன்னேனா?"

"போனது போகட்டும்னு."

"அதையும் சொல்லிட்டேனா" என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதைக் கேட்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு திரும்பி நின்றேன்.

பிறகு அவளே சொன்னாள். அறுபதாம் வருடம் மே மாதப் பொதுமன்னிப்பில் அவளை விட்டுவிட்டார்கள். ஹவெல்காவின் ஊரிலேயே, கோழி உரிக்கிற தொழிற்சாலையில் வேலை. ஹவெல்காவின் கை மூடிக்கொண்டது அதே கோடையில்தான். எங்களுக்கு அது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. ஆறு வருடமும் அவர்கள் இருவரும் ஒரே ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"கல்லறைத் திருநாள் அன்னைக்கு அம்மாவுக்கு மெழுகுவத்தி வெச்சுட்டு வெளிய வரேன். ஊர் மொத்தமும் வாசல்ல நிக்குது. அவன் பெண்டாட்டி பிள்ளையோட வந்து எங்கிட்ட கையை நீட்டறான். 'நன்றி யிந்த்ரிஷ்கா, இனிமே நமக்குள்ள ஒண்ணும் இல்ல'ங்கறான். அவன் பெண்டாட்டி அழுதுகிட்டே, நீங்க அங்க வந்து பேசினதாலதான் கை திறந்துச்சுங்கறா. எனக்கு ஒண்ணும் புரியல."

"நீங்க என்ன பண்ணினீங்க?" என்று ஹெர்மினா கேட்டாள்.

யிந்த்ரிஷ்கா தன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். "கொடுத்துட்டேன். உள்ள இருந்தப்ப வந்த பழக்கம். யார் என்ன நீட்டினாலும் வாங்கிக்கணும். வீட்டுக்குப் போயி சோப்பு போட்டுக் கழுவினேன். இந்த வயசுல இப்படி ஒரு கேவலம்."

நான் போய் டாக்டர் ப்ரோகெஷைக் கூட்டிவந்தேன். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். நோயாளிகளுக்காகச் சொந்தக் குடும்பத்தையே மறந்த மனிதர். முகம் சிவந்துபோய், நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, அது ஒரு வைத்திய முறை. அங்க பேசின யிந்த்ரிஷ்கா நீங்க இல்ல. அவர் மனசுக்குள்ள இருக்கறவ."

"மனசுக்குள்ள இருக்கறவகிட்ட அவன் கையை நீட்டலையே டாக்டர். எங்கிட்டதானே நீட்டினான்."

டாக்டர் ஹெர்மினாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கை நல்லாவே இருக்கட்டும்" என்றாள் அவள். "அதை நான் மூடச் சொல்லல. மன்னிச்சது இந்த சிஸ்டர், நான் இல்லன்னு அவன்கிட்ட சொல்லணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"சொன்னா திரும்பவும் மூடிக்கும். அவர் என் நோயாளி. நான் அதுக்குச் சம்மதிக்க முடியாது" என்றார் டாக்டர்.

யிந்த்ரிஷ்கா எழுந்து தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். டாக்டரிடம் அதற்கு மேல் பேசவில்லை. ஹெர்மினாவிடம்தான் சொன்னாள்: "நான் வர்ற ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிட்டு வருவேன். சாயங்காலம் ஜங்ஷன்ல வண்டி மாறணும். அங்க சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்திருப்பேன். சொன்னீங்களா இல்லையான்னு வந்து சொல்லுங்க."

அந்த வாரம் ஹெர்மினா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டர் வாய் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொன்னால் ஒருவனுடைய கை போகும், சொல்லாவிட்டால் ஒருத்தியின் பேர் போகும். இரண்டும் இவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையால். சமையலறைக்கு வந்து உருளைக்கிழங்கை எடுத்து உரிப்பாள், தோலைவிடக் கிழங்குதான் அதிகம் குப்பைக்குப் போகும்.

"ஒல்தா, லிபுஷே சிஸ்டர் எங்கிட்ட 'வாடி கண்ணு'ன்னாளே. எங்கம்மாவைக் கேட்டுட்டா சொன்னா?"

"செத்தவங்களைப் போய் எப்படிடி கேக்கறது?"

"அதான். வந்து கேக்க மாட்டாங்கன்ற தைரியத்துலதானே அவங்க பேரை எடுத்துக்கறோம்" என்றாள். அம்மாவின் மடியில் படுத்த அந்த ஒரு சந்தோஷமும் அந்த வாரத்தோடு அவளுக்குப் போயிற்று. அதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, டாக்டரிடம் சொல்லாமல், ஹவெல்காவின் ஊருக்கு ரயில் ஏறினாள். வருவதாகத் தந்தி கொடுத்திருந்ததால் ஹவெல்கா ஸ்டேஷனுக்கே வந்து வரவேற்றார். வலது கையால்தான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வீட்டில் வாத்து வறுவல், அவித்த மாவு உருண்டை, முட்டைக்கோஸ் என்று விருந்து. அவர் பெண்டாட்டி தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். "சிஸ்டர், இப்பல்லாம் பொண்ணுக்குத் தலை பின்னி விடறதே இவருதான். நான் பின்னினா அவளுக்குப் பிடிக்க மாட்டேங்குது" என்றாள். அந்தக் குழந்தை வந்து சடையைத் திருப்பிக் காட்டியது.

சாப்பிட்டதும் ஹவெல்கா முயல்களைக் காட்டக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கூண்டு வலைக்குள் முட்டைக்கோஸ் இலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். இனியும் தள்ளிப்போட்டால் வாய் வராது என்று ஹெர்மினா சொல்லிவிட்டாள்.

"ஹவெல்கா சார், ஆகஸ்ட்ல உங்ககிட்ட பேசினது யிந்த்ரிஷ்கா இல்ல. நான்தான். மன்னிச்சுட்டேன்னு சொன்னது நான். அவங்க சொல்லல."

அவள் கண் அந்தக் கையிலேயே இருந்தது. அது இன்னொரு இலையை எடுத்து வலைக்குள் தள்ளியது.

"தெரியும் சிஸ்டர்" என்றார்.

"எப்பலேருந்து?"

"மத்தியானம் சத்தியமா அவதான்னு நெனச்சேன். சாயங்காலம் தெரிஞ்சுடுச்சு. மருந்து இறங்கிடுச்சு. சமையல்கட்டுலேருந்து வெங்காயம் வதங்கற வாசனை வந்துது. நீங்க தும்மினீங்க. நான் கண்ணைத் திறக்காம இன்னொரு தடவை கேட்டேன். நீங்களும் சொன்னீங்க."

"தெரிஞ்சுகிட்டே கேட்டீங்களா?"

"அவகிட்ட போய்க் கேட்டா என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியாதா?" அவருடைய காது சிவந்திருந்தது. "உங்ககிட்ட கெடைச்சதே போதும்னு வெச்சுகிட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கல்லறை வாசல்ல போயி..."

"பத்துப் பேர் முன்னாடி நீட்டினா அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா. அவ அப்படிப்பட்டவ இல்ல." மீதி இலைகளையும் வலைக்குள் தள்ளிவிட்டு, "வீட்டுல சொல்லிடாதீங்க, சிஸ்டர்" என்றார்.

கை மூடிக்கொள்ளவில்லை. டாக்டர் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. "ஒரு நிமிஷம் அது மூடிக்கிட்டா தேவலைன்னு நெனச்சேன், ஒல்தா. நர்ஸா இருந்துகிட்டு. ஒரு நோயாளியோட கையைப் பார்த்து" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். கிளம்பும்போது ஹவெல்காவின் பெண்டாட்டி ஒரு ஜாடி பிளம் ஜாம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல இவளால் முடியவில்லை. ரயிலிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஹெர்மினா எப்படி வாழ்ந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜங்ஷனில் நடந்ததைச் சொன்ன பிறகு எனக்கு வேறு எதையும் சொல்லப் பிடிக்காது. விடுதியில் அவள் தொடர்ந்து வேலை பார்த்தாள். ஆனால் மருந்து வேளையில் யாராவது அம்மா என்றோ அக்கா என்றோ கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாள். கையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பாள். இதனால் ஒரு அநாதைப் பெண் பகல் முழுக்கக் கதறி அழுதது, அதுவும் நடந்தது. டாக்டர் கூப்பிட்டுத் திட்டினார். கடைசியில் அவளைத் துணி அறைக்கும் ஊசி போடவும் மாற்றிவிட்டார். எழுபதுகளின் நடுவில் மருந்து வருவது நின்றது, மேலிடத்தில் பிடிக்கவில்லை என்றார்கள். விடுதியை மூடினார்கள். டாக்டர் ப்ரோகெஷ் எங்கோ ஒரு மூலை ஆஸ்பத்திரிக்குப் போனார். ஹெர்மினா மாவட்ட ஆஸ்பத்திரியில் குடல் நோய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றாள். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டாள், நல்ல மனுஷன், முந்திப் போய்விட்டான். அவனுக்குக்கூட இந்தக் கதை தெரியாது.

ஜங்ஷன் சாப்பாட்டுக் கடையில், புகைக்கும் ஈரக் கோட்டு வாசனைக்கும் நடுவே, சுவரோரம் யிந்த்ரிஷ்கா உட்கார்ந்திருந்தாள். ஹெர்மினா எதிரில் போய் உட்கார்ந்தாள். குடிக்க எதுவும் வாங்கவில்லை.

"சொல்லிட்டேன்" என்றாள்.

"கை?"

"நல்லா இருக்கு."

யிந்த்ரிஷ்கா தலையை ஆட்டினாள்.

"அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. நான்தான் பேசினேன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு." இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணிடம் இன்னொரு பொய்யை வைக்க ஹெர்மினாவால் முடியவில்லை. கல்லறை வாசலில் அவர் ஏன் கை நீட்டினார் என்பதையும் சொன்னாள்.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாம இருந்துது, நான் மன்னிச்சது" என்றாள் யிந்த்ரிஷ்கா. பிறகு காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "வந்து சொன்னதுக்கு நன்றி. நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அந்த நன்றிதான் ஹெர்மினாவை உடைத்துவிட்டது. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அந்த மேஜையில் கொட்டியது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, "யிந்த்ரிஷ்கா அம்மா, என்னை நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"கேக்காதீங்க சிஸ்டர்." யிந்த்ரிஷ்கா தன் இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள். அப்போதும் அவள் குரலில் சூடு இல்லை. "உங்க விடுதிக்குத் திரும்பிப் போனதும் அங்கயே கேட்டுக்குங்க. என் பேருக்குப் பதில் சொல்ல அங்க யாராவது இருப்பாங்க."

வண்டி வந்துவிட்டதாக அறிவித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஹெர்மினா அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம். சுற்றிலும் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அத்தனை பேர் முன்னாடி நானும் கையை நீட்டிட்டேன், ஒல்தா" என்றாள், சாவதற்குச் சில வாரம் முன்பு, என் முகத்தைப் பார்க்காமல். "அது இன்னும் மேஜை மேலயே கெடக்கற மாதிரி இருக்கு."